ரிவர்ஸ் எடுக்காத சொல்தா

பாண்டிச்சேரியில் வண்டியை எடுத்த முதல் நாள், நான் திரும்புகிற இடத்திலெல்லாம் வைப்பர் ஓடியது. பங்குனி வெயில், கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஃபிரான்சில் என் வண்டிக்கு இண்டிகேட்டர் குச்சி இடது கைப் பக்கம். இந்த வண்டியில் வலது பக்கம். பன்னிரண்டு வருடமாகச் செய்த வேலையை விடமாட்டேன் என்று இடது கை அடம்பிடித்தது. நெல்லித்தோப்பு சிக்னலில் வலது பக்கம் திரும்பப் போகிறேன் என்று ஊருக்குச் சொல்ல நினைத்து, காய்ந்த கண்ணாடியை வறக் வறக்கென்று துடைத்துக் காட்டினேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்து ஸ்டியரிங் பிடித்த எல்லோருக்கும் இது நடந்திருக்கும். சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் நான் அந்த வண்டியை எடுத்தது ஊர் சுற்றுவதற்காக இல்லை. பழி வாங்குவதற்காக எடுத்தேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுத உட்கார்ந்துவிட்டு நல்லவன் வேஷம் போட எனக்குப் பிடிக்காது.

பழி என் மாமனார் மேல். அவர் சொல்தா. பாண்டிச்சேரியில் பிறந்து, ஃபிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, அந்த நாட்டுக் குடிமகனாகவே ஓய்வு பெற்றவர்களுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். நான் குருசுக்குப்பத்துக்காரன். கல்யாணத்துக்கு முன்னால், கரையிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப் போகிற டெம்போவை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் மகள் வசந்தாவை நான் அந்த மார்க்கெட்டில்தான் பார்த்தேன், விடுமுறைக்கு வந்திருந்தாள். எங்களுக்குள் பிடித்துப்போனது. அவள் பிடிவாதமாக நின்றதால் கல்யாணம் நடந்தது. ஆனால் ஃபிரெஞ்சு குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டி விமானம் ஏறுகிற ஆணுக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு காரணம்தான் சொல்வார்கள். அவனுக்குப் பெண் வேண்டியதில்லை, பேப்பர் வேண்டும். என் மாமனார் அதை ஃபிரெஞ்சில் சொன்னார். பேப்பருக்கு அங்கே 'பாப்பியே' என்று பெயர். நான் 'பாப்பியே மாப்பிள்ளை' ஆனேன். கொஞ்ச நாளில் மாப்பிள்ளை என்பதும் கழன்று விழுந்து, வெறும் பாப்பியே மட்டும் மிஞ்சியது.

பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில், மாமனார் வீட்டில்தான் முதல் நான்கு வருடம் இருந்தோம். அவரிடம் சாம்பல் நிறத்தில் ஒரு கார் இருந்தது. அந்தக் காரில் எனக்கு எப்போதும் பின் சீட், நடுவில், ஒரு பக்கம் மைத்துனி, இன்னொரு பக்கம் அரிசி மூட்டை. மைத்துனியின் குழந்தைக்குக் காது குத்தினார்கள். ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து நாற்பது ஐம்பது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். ரயிலில் வந்து இறங்கியவர்களைக் கூட்டி வர ஆள் வேண்டும். நான் எழுந்து, நான் போய்வருகிறேன் என்றேன். அந்த ஊர் லைசென்ஸ் இல்லையென்று எனக்கு நினைவில்லை. வண்டி ஓட்டுகிறவன் வண்டி என்றதும் எழுந்தான், அவ்வளவுதான். மாமனார் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். தருவதற்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"பேப்பருக்கு வந்தவன் கையில சாவிய குடுத்தா, பொண்ணு மாதிரியே வண்டியும் போயிடும்."

ஹால் முழுக்கச் சிரித்தது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் சொம்பை எடுத்துக் குடித்தேன். வசந்தா மட்டும் சிரிக்கவில்லை. குழந்தைகளுக்கு அன்றிலிருந்து நான் பாப்பியே மாமா. அந்தக் கையைப் பதினைந்து வருடமாக நான் இன்னும் மடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஊர் லைசென்ஸை அங்கே 'பெர்மி' என்பார்கள். எட்டு வருடம் மீன் டெம்போவோடு பாண்டிச்சேரியின் எல்லாச் சந்திலும் நுழைந்து வந்தவனை முதல் பரீட்சையில் ஃபெயில் ஆக்கினார்கள். காரணம் ஹார்ன். ஒரு வளைவில் சைக்கிளில் ஒரு அம்மாள் போனார். நான் லேசாக, ஒரே ஒரு தரம், பீப் என்றேன். பரீட்சை வைக்கிறவர் பேனாவை நிறுத்திவிட்டு, ஏன் ஹார்ன் அடித்தீர்கள், ஏதாவது ஆபத்தா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஃபிரெஞ்சில் பதில் சொன்னேன்: ஆபத்து இல்லை மொசியே, மரியாதைக்காக. அவர் மறுபடியும் எழுதத் தொடங்கினார். சைக்கிளில் போன அந்த அம்மாளோ இறங்கி நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் தரமும் போனது. மூன்றாவது தரம்தான் பெர்மி கிடைத்தது. வாங்கியது ஒரு சின்ன வண்டி. அங்கே வண்டிகளை வரிக் கணக்குக்காகக் குதிரைகளாக எண்ணுவார்கள். என்னுடையது 'காத்ர் ஷெவோ', நாலு குதிரை. மாமனார் பால்கனியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, பாப்பியேவுக்கு ஏற்ற பொம்மை என்று சொன்னதாக மைத்துனி வந்து சொன்னாள்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ரிவர்ஸ் எடுக்க மாட்டார். பார்க்கிங்கில் விடுவதற்கு எடுப்பார். எதிரே வருகிறவனுக்காக எடுக்க மாட்டார். ஒரு குறுகலான தெருவில் குப்பை லாரிக்கு எதிரே எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்து, கடைசியில் லாரியையே பின்னால் போக வைத்தவர். அதை ஒவ்வொரு விருந்திலும் சொல்வார். சொல்லி முடிக்கும்போது என்னைப் பார்ப்பார். "சில பேருக்கு வாழ்க்கையே ரிவர்ஸ்தான்" என்பார். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மாமியார் காலமான பிறகு அவர் பாண்டிச்சேரிக்கே திரும்பி வந்துவிட்டார். நெல்லித்தோப்புப் பக்கம் வீடு. ஒரு சின்னக் கார் வாங்கினார், இங்கே தெருவுக்குத் தெரு நிற்கிற மாதிரி ஒரு சாதாரணக் கார். தினமும் காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு பத்து மணிக்குத் திரும்புவார். பத்து என்றால் பத்து, ராணுவப் பழக்கம். அவர் தெருவின் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கார்தான் போக முடியும். இதையெல்லாம் நான் ஃபிரான்சில் உட்கார்ந்தபடியே தெரிந்துவைத்திருந்தேன். அங்கே நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் சமையல்கட்டில் கேரட் நறுக்கும்போது அந்தத் தெருவில்தான் மனதுக்குள் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன். பெரிய வண்டி. கறுப்பு. எதிரே அவர். லைட் அடிக்கிறேன். அவர் பின்னால் போகிறார், வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் எல்லோரும் பார்க்க. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இந்த வருடம் வந்தபோது வசந்தாவும் பிள்ளைகளும் மாமனார் வீட்டில் தங்கினார்கள். நான் குருசுக்குப்பத்தில் அக்கா வீட்டில் தங்கினேன். வண்டிக்கு ஜலீலிடம் போனேன். ஜலீல் பள்ளிக்கூட நாளிலிருந்து என் கூட்டாளி. அவன் அப்பா மார்க்கெட் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தார். இவன் கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி விடுகிறான். மாப்பிள்ளை ஏறுகிற வண்டி ஒன்று வைத்திருக்கிறான். ஏழு சீட், கறுப்பு, ஆட்டோமேட்டிக். பானெட்டில் போன கல்யாணத்துப் பூவை ஒட்டிய டேப் இன்னும் உரியாமல் இருந்தது. எத்தனை குதிரை என்று கேட்டேன். நூற்று எண்பதுக்கு மேல என்றான். குதிரையை எண்ணுவதில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு என்று தெரியும். ஆனாலும் நாலிலிருந்து நூற்று எண்பது என்றதும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"மெதிக்காதடா. கால வச்சா போதும், அதுவே போவும்" என்றான் ஜலீல்.

நான் மிதித்தேன். என் சின்ன வண்டியில் மேட்டில் ஏற வேண்டுமென்றால் தரையோடு தரையாக மிதித்தால்தான் ஏறும். அந்தக் காலோடுதான் இதில் உட்கார்ந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஒரு நொடி யோசித்தது, அப்புறம் எங்கள் இரண்டு பேர் முதுகையும் சீட்டோடு அறைந்துவிட்டுப் பாய்ந்தது. பயந்துபோய் என் இடது கால் கிளட்ச்சைத் தேடியது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான பிரேக் இருந்தது. வண்டி அப்படியே நின்றது. ஜலீலின் கண்ணாடி டேஷ்போர்டில் போய் விழுந்தது. அவன் அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள், அது இல்லாதவன் மாதிரி ஓட்டு என்றான். மூன்று நாள் அப்படி ஓட்டினேன். மூன்றாவது நாள் வண்டி என் பேச்சைக் கேட்கத் தொடங்கியது. கால் பட்டும் படாமலும் இருந்தால் பூனை நடை, கொஞ்சம் அழுத்தினால் முன்னால் போகிற பஸ் பின்னால் வந்துவிடும். அந்த ருசி எனக்குப் பிடித்தது. உயரத்திலிருந்து பார்க்கும்போது பைக்குகள் தாமாக ஒதுங்கின. ஃபிரான்சில் யாரும் எனக்கு ஒதுங்கியதில்லை. சொல்லப்போனால் இங்கேயும் ஒதுங்கியதில்லை, மீன் டெம்போவின் நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

நான்காம் நாள் தைரியம் கூடிப்போய் பெரிய மார்க்கெட் பக்கம் கொண்டுபோனேன். பூக்கடைகளுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். என் கால் கொஞ்சம் கனத்தது. வண்டி ஒரு முழம் தாவி, ஒரு சாமந்திக் கூடையை முட்டிக்கொண்டு நின்றது. கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்திருக்கவே இல்லை. பானெட்டில் இருந்த டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கல்யாணத்துக்குப் போறியா, சாவுக்குப் போறியா? மொதல்ல அத முடிவு பண்ணிக்கினு வண்டிய எடு" என்றார். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய்.

அன்று மாலை வசந்தாவிடம் போனில் சொன்னேன், நாளைக்கு உங்கள் தெருவுக்கு வருகிறேன் என்று. அவளுக்கு எல்லாம் தெரியும். பதினாறு வருடம் என் பக்கத்தில் படுக்கிறவளுக்கு நான் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்காதா. அப்பாவுக்கு எழுபத்தொன்பது ஆகிறது, கழுத்து எலும்பு தேய்ந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை, விட்டுவிடுங்கள் என்றாள். கழுத்து திரும்பாது என்றதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நல்லது, அப்படியானால் ரிவர்ஸ் எடுப்பது இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று தோன்றியது. இதை எழுதும்போது எனக்கே கேவலமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோன்றியது அதுதான்.

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தெருவின் மேற்கு முனையில் நின்றேன். சரியாகப் பத்துக்குக் கிழக்கு முனையில் அந்தச் சின்னக் கார் திரும்பியது. நான் கிளம்பினேன். அவர் வீட்டைத் தாண்டினேன், வாசலில் வசந்தா நிற்பது தெரிந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். வெயில் நேராக என் முன் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நான் லைட் அடித்தேன். இரண்டு தரம். பாண்டிச்சேரியில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வருகிறேன், நீ ஒதுங்கு. காரில் இருந்த அவர் உருவம் அசையாமல் இருந்தது. மூன்றாவது தரம், நீளமாக அடித்தேன்.

அவர் கையைத் தூக்கினார். சிரித்தார். என் கல்யாணத்தில்கூட அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சல்யூட் மாதிரி வைத்துவிட்டு, வண்டியை முன்னால் விட்டார். நேராக என்னை நோக்கி.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. ஃபிரான்சில் எதிரே வருகிறவன் லைட் அடித்தால், நான் நிற்கிறேன், நீங்கள் போங்கள் என்று அர்த்தம். நானே அங்கே தினமும் அப்படித்தான் அடிக்கிறேன், அப்படித்தான் போகிறேன். பாண்டிச்சேரி ஸ்டியரிங்கைத் தொட்டதும் என் கை மட்டும் பழைய மீன் டெம்போக்காரனுடையதாகிவிட்டது. அவர் கண் இன்னும் அந்த ஊரிலேயே இருக்கிறது. நான் இந்த ஊர் பாஷையில் மிரட்டினேன், அவர் அந்த ஊர் பாஷையில் கேட்டுக்கொண்டார். அதற்குள் அவர் குறுகலில் பாதி தூரம் வந்துவிட்டார். கழுத்து திரும்பாத கிழவர் சிரித்துக்கொண்டே முன்னால் வருகிறார், நான் என்ன செய்வது? ரிவர்ஸ் எடுத்தேன். நான்தான் எடுத்தேன். நூற்று எண்பது குதிரையும் பின்னால் நடந்தது. வண்டி பீப் பீப் என்று ஊருக்கெல்லாம் அறிவித்தது. இஸ்திரி வண்டிக்காரர் ஓடிவந்து, "வா வா, நேரா வா, லைட்டா ஒடி" என்று கை காட்டினார். மாமனார் வீட்டு வாசல் வரைக்கும் போய்த்தான் ஒதுங்க இடம் கிடைத்தது.

அவர் வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார். கழுத்தில் வெள்ளைப் பட்டை, பின் சீட்டில் மீன் பை. என் கண்ணாடி மூடியே இருந்தது. வெயிலுக்காக ஜலீல் ஃபிலிம் ஒட்டியிருந்தான். அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து, ஃபிரெஞ்சும் தமிழுமாக நன்றி சொன்னார்.

"மெர்சி மொசியே, சே ஜாந்தி. இந்த ஊர்ல இப்படி வழி விடறவங்கள நான் பாத்ததே இல்ல. நீங்க ஃபிரான்ஸ்ல இருந்துதான வந்திருக்கீங்க?"

நீங்க. பதினாறு வருடத்தில் எனக்கு முதல் முறையாகக் கிடைத்த நீங்க. அப்படியே போயிருக்கலாம். அந்த மரியாதையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு கடற்கரைச் சாலை வரை ஓட்டியிருக்கலாம். ஆனால் அது யாரோ ஒரு ஃபிரான்ஸ்காரனுக்குச் சொன்னது, எனக்குச் சொன்னதில்லை. கண்ணாடியை இறக்கினேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போகவில்லை, ஆனால் அங்கேயே நின்றுவிட்டது. "நீயா" என்றார்.

"வழி விடல மாமா. நீங்க பின்னால போங்கன்னுதான் லைட் அடிச்சேன். பாண்டிச்சேரில அதான் அர்த்தம்."

வசந்தா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். மாமனார் கோபப்படுவார், பாப்பியே என்பார், நான் பதிலுக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று கேரட் நறுக்கும்போதே தயார் செய்துவைத்திருந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். கழுத்துப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"சரி மாப்பிள்ள. இது பாண்டிச்சேரி. பாண்டிச்சேரி ரூல்தான்" என்றார்.

மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னார். முன்னால் ஒன்றும் சேர்க்கவில்லை. நான் அதைக் கவனித்து முடிப்பதற்குள் அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டார். தலை திரும்பவில்லை. சைடு கண்ணாடியை மட்டும் நம்பி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்னக் கார் பின்னால் போகத் தொடங்கியது. ஒரு தரம் சுவரை உரசியது. நிற்கவில்லை. இஸ்திரிக்காரர் பின்னாலேயே ஓடினார். ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்று பார்த்தார்கள், நான் ஆசைப்பட்ட மாதிரியே, ஒன்றுகூடக் குறையவில்லை. பின் சீட்டில் மீன் பை சரிந்து விழுந்தது. எனக்குள் ஒருவன் இன்னும் பார், இன்னும் நன்றாகப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பேச்சைக் கேட்டு நானும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி, குறுகலைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் நின்றார். வசந்தா என் ஜன்னல் பக்கத்தில் வந்தாள். அழவில்லை. "இதானே கேட்டீங்க. போங்க" என்றாள்.

நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் போனேன். அப்போது தெருவின் அந்த முனையிலிருந்து அவர் லைட் அடித்தார். ஒரே ஒரு தரம்.

எந்த ஊர் லைட் அது? நீ வா, நான் நிற்கிறேன் என்கிறாரா, நான் வருகிறேன், நீ ஒதுங்கு என்கிறாரா? இரண்டு ஊரிலும் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவன் அந்தத் தெருவில் இருந்தால், அது நான்தான். எனக்குத் தெரியவில்லை. வசந்தாவைப் பார்த்தேன், அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பால் வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார், அவருக்குப் பின்னால் இன்னொருவர் அடித்தார். கியர் டிரைவில்தான் இருந்தது. வண்டி முழுக்க உறுமிக்கொண்டு, என் காலுக்கு அடியில், எங்கேயும் போகாமல் நின்றது.